முக்காலிக்கு ஒரு பூச்சு

பாலிஷக்காவையும் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டார் என்பது தெருவில் பலருக்கு இன்னும் ஆச்சரியம்தான். குணத்துக்காக அல்ல, நெடிக்காக. அவள் வருவதற்கு முன்பே ஸ்பிரிட் வாசனை வந்து கதவைத் தட்டும். அவள் எழுந்துபோன பிறகும் அது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை பஸ் ஓட்டுகிறவர். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அவருடைய மூக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. ஆகவே பொருத்தம் பிரமாதம்.

அவளுடைய நகங்கள் தேன் நிறம். எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சை மெல்லிய துணியில் முடிந்து, அந்த முடிச்சால் மரத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது அவள் வேலை. முழுக்க ஒரு தடவை தேய்த்தால் அது ஒரு பூச்சு. காய்ந்ததும் மறுபடி. காய்ந்ததும் மறுபடி. பக்கத்தில் நின்று பார்த்தால் கணக்கு வகுப்பில் வருகிற மாதிரி தூக்கம் வரும். கட்டில், கதவு, மேஜை எதையும் அவள் தொடமாட்டாள். மாண்டலின் மட்டும்தான். அதிலும் தம்பி செய்கிற மாண்டலின் மட்டும்தான்.

இந்தத் தொழில் ஒரு குற்றத்தில் பிறந்தது. தம்பிக்கு மீசை அரும்பாத வயதில், எதிர்வீட்டு மாமா ஊருக்குப் போகும்போது தன் மாண்டலினைப் பத்திரமாக வைத்திரு என்று அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவன் அதைப் பத்திரமாக நாற்காலியில் வைத்து, பத்திரமாக அதன்மேல் உட்கார்ந்தான். மேல்பலகை விரிசல் விட்டது. ஓவென்று அழுதவனைப் பார்த்து அக்கா முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் தச்சுப் பட்டறையில் கெஞ்சி வஜ்ஜிரப் பசையும் அரக்கும் வாங்கி வந்தாள். அவன் ஒட்டினான். அவள் விரிசல் தெரியாமல் பூசித் தேய்த்தாள். பொய் தாங்குகிறதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தால் கம்பிகளை மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்தாள். தாங்கியது.

மாமா வந்து வாசித்துப் பார்த்தார். "என்னடா, முன்னைவிட நல்லா பாடுது?"

"கொஞ்சம் உக்காந்து பார்த்தோம் மாமா" என்றாள் அக்கா.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தம்பி வளர்ந்து, உண்மையாகவே மாண்டலின் செய்யக் கற்று, பட்டறை போட்ட பிறகும் மாறவில்லை. மரவேலை முடிந்து வெளுத்துக் கிடக்கும் கருவியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வருவான். "இந்தாக்கா, மூஞ்சி கழுவி விடு" என்பான். அவள் நிறம் ஏற்றுவாள். ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் தேன் கொட்டின மாதிரி வரும். பூச்சுப் போட்டு, தேய்த்து, திருப்பிக் கொடுப்பாள். அவன் எட்டுக் கம்பிகளையும் கட்டிச் சுருதி சேர்த்துவிட்டு, தான் தொடாமல், கருவியை அவள் பக்கம் நீட்டுவான். முதல் மீட்டு அக்காவுடையது. அவளுக்கு ஒரு பாட்டும் வாசிக்கத் தெரியாது. கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுப்பு. அவ்வளவுதான். அப்புறம்தான் அது மாண்டலின். அதற்கு முன்னால் வெறும் பெட்டி. இதை அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் அவளுக்குத் தோன்றியதில்லை, கையைவிட்டுப் போகிறவரை.

போனது எப்படி என்றால், தம்பி கல்யாணம் செய்துகொண்டான்.

பெண் ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். சூளையிலிருந்து வரும் கூரை ஓடுகளை வரிசையாக நிற்கவைத்து விரல் கணுவால் தட்டிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டாள், தட்டுவதை விடவில்லை. குடத்தைத் தட்டுவாள், சுவரைத் தட்டுவாள், பூசணிக்காயைத் தட்டுவாள். தட்டும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். பாலிஷக்கா மனசுக்குள் அவளுக்கு டொக்டொக் என்று பெயர் வைத்தாள்.

ஒருநாள் டொக்டொக் டீ எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து பட்டறைக்கு இறங்கினாள். ஜன்னலோரம் வேலைப்பலகையில் செதுக்கிக்கொண்டிருந்த ஒரு மேல்பலகை கிடந்தது. டம்ளரை வைத்த கையோடு அதையும் தட்டினாள். "ஏங்க, இந்த ஓரம் கொஞ்சம் ஊமையா இருக்கே?" என்றாள். தம்பி சிரித்தான். சும்மா இருந்திருக்கலாம், அந்த ஓரத்தை ஒரு சீவு சீவித் தட்டிப் பார்த்தான். பலகை வாய் திறந்தது. அவன் வாயும் திறந்தது. அன்று திறந்த வாய் அப்புறம் மூடவே இல்லை என்பது பாலிஷக்காவின் கட்சி.

அடுத்த வாரமே அவன் மனைவிக்கு ஒரு முக்காலி செய்தான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து பாலிஷக்கா கவிழ்த்துப்போட்ட பெயிண்ட் டின்மேல்தான் உட்கார்ந்து வந்தாள். அவள் எழுந்தால் டின்னும் கூடவே எழுந்துவிடுமோ என்கிற அளவுக்கு இருவரும் ஒட்டி உறவாடிவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு பலகைத் துண்டை ஆணியடித்துக் கொடுக்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நேற்று வந்தவளுக்கு, மாண்டலினின் முதுகுக்கென்று வைத்திருந்த வரியோடிய மரத்தில், மூன்று காலும் கடைந்த முக்காலி! அதையும் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து, "அக்கா, இதுக்கும் கொஞ்சம் மூஞ்சி கழுவி விடேன்" என்றான், வெட்கமில்லாமல்.

"இதுக்கு ஏதுடா மூஞ்சி? இது வேற எடம்."

"போக்கா, உனக்கு எப்பவும் கிண்டல்."

கழுவிவிட்டாள். நன்றாகவே கழுவிவிட்டாள். கடைசிப் பூச்சு மட்டும் காய்வதற்குள் கொண்டுபோய் வேலைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். டொக்டொக் ஆசையாக வந்து உட்கார்ந்தாள். எழுந்தபோது முக்காலி புடவையோடு எழுந்தது. தம்பி ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் திரும்ப, பின்னறைக் கதவிடுக்கில் பாலிஷக்காவின் ஒற்றைக் கண் விருந்து சாப்பிட்டது. ஆனால் டொக்டொக் அழவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அண்ணி, உங்க முக்காலிக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு!" என்றாள். அதைக் கேட்டுத் தம்பியும் சிரித்தான். அப்படி அவன் சிரித்து அக்கா பார்த்தது, எதிர்வீட்டு மாமா ஏமாந்த அன்றுதான்.

அழுதிருந்தால் விஷயம் அந்த ஒரு பூச்சோடு முடிந்திருக்கும். சிரித்துத் தொலைத்தாள்.

பாலிஷக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்த டிரைவர் முதல் கவளத்திலேயே நிறுத்தினார். "உனக்கு அந்தப் பொண்ணு மேல பொறாமை."

"எனக்கா? ஓடு தட்டினவ மேலயா?"

"குழம்புல உப்பு ரெண்டு தடவை போட்டிருக்க."

"உங்களுக்குத்தான் மூக்கே கிடையாதே."

"நாக்கு இருக்கேம்மா" என்றார் அவர், பரிதாபமாக.

பொறாமை இல்லை என்றுதான் அவளும் நினைத்தாள். அவளுக்கு இருந்ததெல்லாம் சில நியாயமான கேள்விகள். டீ வந்தால் முன்பெல்லாம் முதல் டம்ளர் பின்னறைக்கு வரும்; இப்போது ஏன் ஆறிப்போய் வருகிறது? ஒரு மரம் வாங்கினால் முன்பு அவளைத்தானே கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்வான்? முன்பு அவன் வாடிக்கையாளரிடம் "நாங்க செஞ்சது" என்றால், அந்த நாங்களில் இரண்டே பேர், ஒருத்தி அவள். இப்போதும் நாங்க என்றுதான் சொல்கிறான். சொல்லும்போது முக்காலி இருக்கிற பக்கம் திரும்புகிறான்.

இதெல்லாம் போகட்டும். ஒரு சங்கீத டீச்சருக்காகச் செய்த சின்ன மாண்டலின் முடிந்தது. கம்பி கட்டினான், சுருதி சேர்த்தான். பாலிஷக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, வழக்கம்போலக் கட்டைவிரலை நீட்டினாள். அவன் திரும்பினான், முக்காலி பக்கம். "நீ தட்டித் தட்டித்தானே இது இப்படி வந்துச்சு? நீயே மீட்டு" என்றான்.

டொக்டொக் ஆள்காட்டி விரலால் பயந்து பயந்து ஒரு கம்பியைத் தொட்டாள். டிங் என்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீட்டிய கட்டைவிரலை என்ன செய்வதென்று தெரியாமல் பாலிஷக்கா அதால் மூக்கைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் கவனிக்கவே இல்லை. கவனித்துச் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கவனிக்காமல் செய்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

அந்தச் சமயத்தில்தான் சீப்புக்காரரின் மாண்டலின் பின்னறைக்கு வந்தது. சீப்புக்காரர் மேடைகளில் வாசிக்கிறவர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சீப்பு இருக்கும். கண்ணாடி, ஜன்னல், நின்றுகொண்டிருக்கும் கார், எது பளபளத்தாலும் நின்று தலைசீவுவார். பட்டறைக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய வாத்தியக்காரர் அவர்தான். அவருடைய மேல்பலகையைத் தம்பியும் டொக்டொக்கும் நாள்கணக்கில் செதுக்கினார்கள். சீவு, டொக். சீவு, டொக். நடுநடுவே சிரிப்பு. "போதும், இதோட நிறுத்துங்க" என்று அவள் சொன்ன இடத்தில் அவன் நிறுத்தினான்.

"மூஞ்சி கழுவி விடுக்கா. நல்லா பார்த்துப் பண்ணு. நாங்க இதுக்கு உயிரைக் கொடுத்திருக்கோம்."

"வச்சுட்டுப் போ" என்றாள்.

பின்னறைக் கதவைச் சாத்தி, தூசி வராமல் அடியில் ஈரச்சாக்கைச் செருகினாள். பாலிஷில் ஒரே ஒரு சட்டம் உண்டு. மேல்பலகையில் பூச்சு வெங்காயச் சருகு அளவுக்குத்தான் இருக்கவேண்டும். அதற்குமேல் போனால் பலகை அசையச் சிரமப்படும்; சத்தம் கம்மிப்போகும். இது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவள் கண் அந்த அளவைப் பார்த்ததும் கை தானாக நிற்கும்.

இந்த முறையும் கை நின்றது. தூக்கிப் பார்த்தாள். அழகுதான். ஆனால் யார் பார்ப்பார்கள்? சீப்புக்காரர் வருவார், வாசிப்பார், சத்தத்தைக் கொண்டாடுவார், தம்பி முக்காலியைக் காட்டுவான். நல்ல பாலிஷை யாரும் பார்ப்பதில்லை, மரத்தைத்தான் பார்ப்பார்கள். அதுதான் நல்ல பாலிஷ். அன்றைக்கு அது அவளுக்கு மகா அநியாயமாகப் பட்டது.

முடிச்சை மறுபடி நனைத்தாள். முக்காலிக்கு ஒரு பூச்சு. காயவிட்டாள். ஆறின டீக்கு ஒரு பூச்சு. அந்தச் சிரிப்புக்கு ஒன்று. அந்த 'நாங்க'வுக்கு ஒன்று, அதை இரண்டாகவே போட்டாள். டிங்குக்குப் போட்டது எத்தனை என்று அவளுக்கே தெரியாது. முன்னறையிலிருந்து டொக் என்று கேட்கும்போதெல்லாம் கை தானாக வட்டம் போட்டது. உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் தொட்டுத் துடைத்து நிமிர்ந்தபோது மாண்டலினுக்குள்ளிருந்து ஒருத்தி அவளைப் பார்த்தாள். மூக்கு, கன்னத்து மரு, முன்நெற்றி நரை எல்லாம் அச்சாகத் தெரிந்தது.

"இப்ப பார்க்கட்டும்" என்றாள் பாலிஷக்கா. உள்ளே இருந்தவளும் அதையே சொன்னாள்.

சீப்புக்காரர் வந்த அன்று, தம்பி கம்பி கட்டி முடித்து நிமிர்வதற்குள் அவரே கருவியைக் கையில் எடுத்துக்கொண்டுவிட்டார். எடுத்தவர் வாசிக்கவில்லை. வாயைப் பிளந்தார். பையிலிருந்து சீப்பு தானாக வெளியே வந்தது. மாண்டலினைச் சாய்த்துப் பிடித்து, வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் சீவிக்கொண்டார்.

"அடேயப்பா! இது வாத்தியமா, நிலைக்கண்ணாடியா? யாருய்யா பாலிஷ்?"

"எங்க அக்கா" என்றான் தம்பி.

கதவோரம் நின்றவளுக்குக் கால் தரையில் இல்லை. இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. டொக்டொக்கை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவளும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றாள். ஆஹா.

பிறகு அவர் வாசித்தார்.

விரல்கள் ஓடின. கம்பிகள் அதிர்ந்தன. சத்தம் மட்டும் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிறவன்போல உள்ளேயே முனகியது. சீப்புக்காரர் நிறுத்தினார். காதைக் குடைந்துகொண்டு மறுபடி வாசித்தார். நல்ல மனிதர், திட்டவில்லை.

"தம்பி... ஆளு அழகா இருக்கான். ஆனா சளி பிடிச்சிருக்குப்பா."

கருவியை வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிப் போனார். போகும்போது தலையைக்கூடச் சீவிக்கொள்ளவில்லை.

தம்பி மாண்டலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போது திரும்புவான், 'என்னக்கா பண்ணி வச்சிருக்க' என்பான் என்று காத்திருந்தாள் பாலிஷக்கா. அவன் திரும்பினான். முக்காலி பக்கம்.

"நீதானே போதும், நிறுத்துங்கன்னு சொன்ன?"

டொக்டொக்குக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப நல்லா கேட்டுச்சுங்க..."

"என்னத்தக் கேட்டுச்சு? பலகை தடிமனா நின்னுபோச்சு. ஓடு தட்டுறதும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவள் முக்காலியைச் சத்தமில்லாமல் வேலைப்பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு மாடி ஏறிப்போனாள்.

பாலிஷக்கா பேச வாய் திறந்தாள். என்ன காரணமோ, அதில் காற்று மட்டும்தான் வந்தது. தம்பி அக்காவின் பாலிஷைச் சந்தேகப்படவே இல்லை. அவளை அவன் சந்தேகப்பட்டதே இல்லை. விரிசலை மறைத்துக் காப்பாற்றியவள் அல்லவா அவள்?

மறுநாளும் அதற்கு மறுநாளும் டொக்டொக் கீழே வரவில்லை. டீ முதல் டம்ளர், கொதிக்கக் கொதிக்க, பின்னறைக்கு வந்தது, தம்பியே கொண்டுவந்தான். "பழைய ஓட்டுத் தொழிற்சாலைக்கே போறேங்கிறா" என்றான், டம்ளரைப் பார்த்துக்கொண்டு. "போகட்டும். அவளுக்கு அதுதான் சரி." சொன்னவன் முகம் சப்பிப்போட்ட மாங்கொட்டை மாதிரி இருந்தது.

பாலிஷக்கா ஜெயித்துவிட்டாள். டீ அவளுடையது, தம்பி அவளுடையவன், நாங்க என்றால் மறுபடி இரண்டே பேர். அவன் கடைக்குப் போன நேரத்தில் வேலைப்பலகைக்கு அடியிலிருந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தும் பார்த்தாள். சொகுசாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பட்டறை ரொம்ப அமைதியாக இருந்தது. ஒரு டொக்காவது கேட்டால் தேவலை போலிருந்தது. வெளியே டிரைவரின் பஸ் திரும்பியது. எப்போதும்போல அவளுக்காக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது. தான் செய்தது அவருக்குத் தெரிந்திருந்தால் அடித்திருக்கமாட்டார் என்று நினைத்தாள்.

தம்பி திரும்பி வந்து அடுப்பில் மெல்லிய கத்தியைச் சூடாக்க ஆரம்பித்தான்.

"எதுக்குடா அது?"

"முதுகைக் கழட்டி, உள்பக்கமா மேல்பலகையைச் சீவப்போறேன்."

ஒட்டிய முதுகைச் சூட்டுக் கத்தி விட்டுப் பிரிப்பது என்றால், விளிம்பு பிய்ந்தால் பிய்ந்ததுதான். அதைக்கூடத் தாங்கலாம். சரியாக இருக்கிற பலகையை இன்னும் மெல்லிசாக்கினால் கம்பியின் இழுப்புக்கே அமுங்கிப்போகும். மாண்டலின் செத்தது. பழி அப்போதும் ஓடு தட்டின காதின்மேல்தான் விழும்.

"கத்தியை வை" என்றாள்.

"அக்கா?"

"வைடான்னா! மூஞ்சியை மறுபடி கழுவணும். நான் கூப்பிடுறவரைக்கும் உள்ள வராத."

கருவியைப் பிடுங்கிக்கொண்டு பின்னறைக்குள் போனாள். கம்பிகளைத் தளர்த்தி, குதிரையை எடுத்து வைத்தாள். குதிரை என்பது கம்பிகளைத் தாங்கி நிற்கிற சின்னக் கட்டை. மாண்டலினில் அதை ஒட்டுவதில்லை, இழுப்பில் தானே நிற்கும். ஸ்பிரிட்டில் துணியை நனைத்தாள். அரக்குக்கு ஒரு நல்ல குணம், தான் கரைந்த ஸ்பிரிட்டைக் கண்டால் திரும்பவும் கரைந்துவிடும். நிறம் மரத்துக்குள் இறங்கிவிட்டது, அது போகாது. ஆனால் எங்கே நிறுத்துவது? போடும்போது கண் சொல்லும். எடுக்கும்போது எல்லாம் பிசுபிசுவென்று கலங்கி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முழுக்கத் துடைத்துவிட்டால் மரம் குடித்த அடிப்பூச்சும் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். அடுத்த வாரத்துக்குள் காயாது. இங்கே வேண்டியது கண் இல்லை.

துணியோடு மாடி ஏறினாள். ஜென்மத்தில் அத்தனை நீளமான படிக்கட்டை அவள் ஏறியதில்லை.

டொக்டொக் தொழிற்சாலையின் நீலக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நெடி வந்ததுமே நிமிர்ந்தாள். "உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. கொஞ்சம் கீழ வந்து தட்டு."

"நான் தட்டினா எல்லாம் ஊமையாயிடும்னு உங்க தம்பி சொல்றாரு."

"அவன் கிடக்கான். பலகை சரியாத்தான் இருக்கு." அக்கா ஜன்னலைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், கடைசியில் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: "நான்தான் கனமா போட்டுட்டேன்."

"எவ்வளவு கனம்?"

"முக்காலிக்கு ஒண்ணு, டீக்கு ஒண்ணு, நீ சிரிச்சதுக்கு ஒண்ணு... அப்படியே போயிடுச்சு."

இதற்கும் சிரிப்பாள் என்று பாலிஷக்கா எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என் காது போயிடுச்சுன்னு நெனச்சேன் அண்ணி. குடத்தைத் தட்டிப் பார்த்தேன், சுவரைத் தட்டிப் பார்த்தேன், எதையும் நம்ப முடியல. எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதானே? அழகா இருக்கேனா, படிச்சிருக்கேனா?"

பாலிஷக்காவிடம் எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் இருக்கும். அன்று கையிலிருந்த துணியைத்தான் பிழிந்தாள்.

"நான் வந்த நாள்லேருந்து இந்த வீட்டுல என்ன கேட்டாலும் 'அக்காகிட்ட கேட்டுச் சொல்றேன்'தான்" என்றாள் டொக்டொக். "சேலை நிறம்கூட. உங்களைப் பார்த்து எனக்கு எவ்வளவு எரியும் தெரியுமா? அதுக்காக நான் ஏதாவது உடைச்சேனா?"

"உனக்கு எரிஞ்சுதா? என்னைப் பார்த்தா?"

"பின்ன?"

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா ரெண்டு பூச்சு மிச்சமாயிருக்குமே!"

அப்போது ஒரு சிரிப்பு வந்தது. முழுசாக இல்லை, மூக்கு வழியாக. போதும். இருவரும் கீழே இறங்கினார்கள். டொக்டொக் வேலைப்பலகைக்கு அடியிலிருந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு, கணவனைத் திரும்பியும் பார்க்காமல், பின்னறைக்குள் போனாள். இடம் போதாமல் பெயிண்ட் டின் வெளியே வந்தது. கதவு சாத்தப்பட்டது. ஈரச்சாக்கு செருகப்பட்டது. தம்பி மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே பாலிஷக்கா ஒரு வட்டம் துடைத்தாள். டொக்டொக் ஒரு கண்ணை மூடித் தட்டினாள்.

"கம்பளி" என்றாள்.

துடைத்தாள்.

"இன்னும் போர்வை."

துடைத்தாள். துணி மாற்றினாள். துடைத்தாள்.

"பெட்ஷீட்."

"இப்ப?"

"துண்டு. ஈரத் துண்டு."

"இப்ப?"

"கைக்குட்டை... மெதுவா அண்ணி, மெதுவா... நிறுத்துங்க!"

நிறுத்தினாள். இதே வார்த்தைக்குத் தம்பி நிறுத்தியபோது பற்றி எரிந்தது. தானே நிறுத்தும்போது என்னவோ வெட்கமாக இருந்தது. கை வலித்தது. "நீங்க உக்காருங்க" என்று டொக்டொக் முக்காலியைத் தள்ளினாள். பாலிஷக்கா உட்கார்ந்து, நெளிந்து, "என்ன இது இப்படி வழுக்குது? எந்த மடச்சி பாலிஷ் போட்டா?" என்றாள்.

"நீங்கதான்."

வெளியிலிருந்து கதவு தட்டப்பட்டது. தட்டத் தெரியாத தட்டு. "உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?"

கதவு மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சிலது மரத்தைப் பார்த்துச் சொல்ல வரும். "டேய்! அவ காது சரியாத்தான் இருக்கு. என் கைதான் கனம். பழியைத் தூக்கி அவமேல போட்டியே, அந்த வாயைப் போய்க் கழுவிட்டு வா!"

கதவுக்கு அந்தப் பக்கம் டின் நகர்கிற சத்தம் கேட்டது. அதன்மேல் அவன் உட்கார்ந்துவிட்டான்.

கலங்கிய பூச்சை மெல்ல உலரவிட்டு, சருகு அளவு ஒரே ஒரு புதுப் பூச்சுப் போட்டுக் காயவைத்தார்கள். இடையிடையே டொக்டொக் தட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லாம் முடிந்தபோது மரம்தான் தெரிந்தது, பாலிஷ் தெரியவில்லை. பாலிஷக்காவின் முகம் ஒரு வினாடி வாடியதை டொக்டொக் பார்த்துவிட்டாள். கம்பியை முறுக்கும் சாவிகள் பொருத்திய தலைப்பக்கத்தை விரலால் தட்டினாள்.

"இங்க எவ்வளவு வேணும்னாலும் பூசிக்கங்க அண்ணி. இது பாடாது. சும்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு."

பூசினாள். ஆசை தீரப் பூசினாள். உள்ளங்கை அகல இடம்தான். அதில் ஜன்னலும் தெருவும் போகிற பஸ்ஸும் தெரிந்தன. சீப்புக்காரர் பின்னால் மேடையில் இரண்டு பாட்டுக்கு நடுவே அதைப் பார்த்துத்தான் வகிடு எடுத்தார்.

காய்ந்ததும் குதிரையை நிறுத்தி, பின்னறையிலேயே கம்பி கட்டினார்கள். சுருதி சேர்க்க டொக்டொக் சாவிகளை முறுக்கி முறுக்கிக் காதை வைத்துக் கேட்டாள். முடிந்ததும் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நீ மீட்டு" என்றாள் பாலிஷக்கா.

"ஐயோ, நீங்க."

"அடிச்சேன்னா பாரு. மீட்டுடி."

"சேர்ந்து?"

தேன் நிறக் கட்டைவிரலும் அதன் பின்னாலேயே ஒரு ஆள்காட்டி விரலும் மேலிருந்து கீழே இறங்கின. பின்னறை நிறைந்து, சாக்கைத் தாண்டி, சத்தம் வெளியே ஓடியது.

டின் உருள்கிற ஓசை. கதவு திறந்தது. தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "கட்டிட்டீங்களா? என்னைக் கூப்பிடாமயா? யாரு மீட்டினது?"

"பல்லி விழுந்துச்சு" என்றாள் அக்கா.

"ஆமாங்க, பெரிய பல்லி" என்றாள் மனைவி.

அவன் நம்பவில்லை. இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அன்று கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, உதட்டைப் பிதுக்கி, இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, அது பாலிஷக்காவுக்கு அத்துப்படி. அதில் எத்தனை பூச்சு என்றுகூட அவளால் சொல்லமுடியும்.

"விடு, காயட்டும்" என்றாள் டொக்டொக்கிடம், மாண்டலினைத் துணியில் சுற்றிக்கொண்டே.